எங்கள் ஆட்டின் தலை

அந்த வருஷம் எங்கள் ஆட்டின் தலையை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள், அப்பாவை எந்த மலைக்குத் தூக்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் அதற்கப்புறம் வந்தவை. வந்ததைத் தாங்கிக்கொண்டோம். தலையைக் கொடுக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முனியாண்டி சாமிக்கு வருஷத்துக்கு ஒரு முறை கிடா வெட்டுவார்கள். யார் நேர்ந்துவிட்ட கிடாவாக இருந்தாலும் உடம்பு நேர்ந்தவர்களுக்கு. தலை மட்டும் கங்காணி வீட்டுக்கு. கப்பலில் ஆள் கூட்டிவருகிற கங்காணி என்ற வேலையே ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்த வீட்டுப் பேரன் இப்போது மண்டோர். மலையில் எங்களை நிறுத்தி வேலை வாங்குகிறவர் அவர். கோயில் தலைவரும் அவரேதான். பதவியின் பெயர் மாறியது, தலை போகிற வீடு மாறவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் காலை அந்த வீட்டுக் கொல்லையில் தலைகளை நெருப்பில் வாட்டுகிற வாசம் எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயம் முழுக்க வரும். சின்ன வயதில் அந்த வாசத்தை மோந்துகொண்டே வெறும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றிருக்கிறேன்.

தலைகளை வெட்டுகிறவர் என் அப்பா.

அப்பாவுக்குத் தோட்டத்தில் கவாத்து வேலை. உயர்ந்துபோன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்துகிற வேலை அது. கத்தி கிளையில் பட்டால் ஒரே இழுப்பு. பிசிறு இருக்கக் கூடாது, பட்டை கிழியக் கூடாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் கோயில் அரிவாளையும் அவரிடம் கொடுத்தார்கள். கிடாவுக்கு ஒரே வெட்டுத்தான். இரண்டாவது வெட்டு விழுந்தால் சாமி அந்தக் குடும்பத்தை ஏற்கவில்லை என்று பேச்சு எழும். அந்த வீட்டில் அந்த வருஷம் ஒரு கல்யாணப் பேச்சுக்கூட எடுக்க மாட்டார்கள். அப்பா இரண்டாவது வெட்டுப் போட்டதை யாரும் பார்த்ததில்லை. வெட்டியதும் தலையைக் காதைப் பிடித்துத் தூக்கி மண்டோர் வீட்டுத் தட்டில் வைப்பார். அதுவும் அவர் வேலையில் சேர்த்தி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். சமவெளியில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்த அன்று, அம்மா ஒரு கறுப்புக் குட்டியை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டார். மேலே காய்கறி விளையும் திரிங்காப்பிலிருந்து இறங்கும் காய்கறி லோரிகள் வளைவில் திரும்பும்போது கோஸ் இலைகள் சிந்தும். கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியில் அம்மா அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவார். அந்த இலையைத் தின்றே குட்டி கிடாவானது.

நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது உடற்கூற்றியல் விரிவுரையாளர் ஆளுக்கொரு விலங்கைக் கொடுத்தார். அதன் மூளைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவனுக்கு நாய், ஒருவனுக்குக் குதிரை, இன்னொருவனுக்குப் பன்றி. எனக்கு ஆடு.

எல்லாப் பிராணிக்கும் ஒரே வழிதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாய்க்கும் குதிரைக்கும் கழுத்துத் தமனியின் கிளை ஒன்று நேராக மண்டையோட்டுக்குள் ஏறிவிடுகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிறந்த பிறகு அந்த நேர்வழி கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோகிறது. ரத்தம் தாடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. மூளைக்கு அடியில் நூல் நூலாகப் பிரிந்து ஒரு வலையாகிறது. பிறகு அந்த நூல்களெல்லாம் மறுபடி ஒன்றுகூடி மூளைக்குள் நுழைகின்றன. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் தேங்குகிற குட்டைக்குள் அந்த வலை கிடக்கிறது. அதனால் உடம்பு வெயிலில் கொதித்தாலும் மூளைக்குப் போகிற ரத்தம் ஆறிப் போகிறது. பழைய காலத்து உடற்கூற்றுக்காரர்கள் இதற்கு லத்தீனில் அற்புத வலை என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு அது படித்தவுடனே பிடித்துப்போனது. எங்கள் மலையின் குளிரில் ஆட்டுக்கு அந்த வலையால் என்ன பயன்? வெயில் ஊரிலிருந்து வந்த பிராணி, வந்த இடத்திலும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறது. நேர்வழியை அடைத்துவிட்டாலும் சுற்றிப் போயாவது மேலே போய்ச் சேர்ந்துவிடுகிற ரத்தம் அதற்கு. புத்தகத்தை மூடிவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலையைக் காட்ட ஒரு முறை உண்டு. ரப்பர்ப் பாலில் சிவப்புச் சாயம் கலந்து கழுத்துத் தமனிகள் வழியாக ஏற்ற வேண்டும். பால் உறைந்ததும் எலும்பை அறுத்துத் திறந்தால் தமனிகள் சிவப்பாக நிற்கும். ஆனால் குழாயைக் கட்டக் கழுத்து வேண்டுமே! அறுப்புக்கூடத்திலிருந்து வந்த தலைகள் தாடையை ஒட்டி நறுக்கியவை. ரத்தமும் உள்ளே கட்டிப்போயிருந்தது.

“வெட்டின உடனே கிடைக்கிற தலை வேண்டும், கழுத்தும் நீளமாக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் படம் வரைந்து கொடுங்கள்” என்றார் விரிவுரையாளர்.

“எங்கள் தோட்டத்தில் கிடைக்கும் சார்” என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். படம் வரைந்து தப்பிக்க நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

திருவிழாவுக்கு விடுமுறையில் வந்ததும் நேராகப் போய் மண்டோரிடமே கேட்டேன். முறைப்படி கேட்டால் மறுக்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு நேரம் அது. எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார்.

“அய்யா, எங்க கெடாவோட தலைய இந்த ஒரு தடவ நான் எடுத்துக்கிறேன். காலேஜுக்கு வேணும்.”

“காலேஜுக்கா? ஏன், அங்க சோறு போடலியா?”

பெரட்டே சிரித்தது.

“திங்கறதுக்கு இல்லய்யா. ரத்தம் மூளைக்கு எப்படிப் போவுதுன்னு பாக்கணும்.”

“ஓ! அப்ப மொதல்ல உங்க அப்பனுக்குப் போவுதான்னு பாருலா.”

அப்பா தரையைப் பார்த்தார். இப்போது யாரும் பலமாகச் சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

மண்டோர் குரலைத் தணித்து நியாயம் சொல்கிறவர் போலப் பேசினார். “தம்பி, எங்க தாத்தா உங்களையெல்லாம் கப்பல் ஏத்திக் கூட்டியாந்தாரு. அதனாலதான் நீ இன்னிக்கு பேண்ட்டு மாட்டிக்கிட்டு என் முன்னால நிக்கிற. அந்த மரியாதைக்குத்தான் தல. நீ நாலு எழுத்துப் படிச்சிட்டு வந்து அத மாத்தச் சொல்ற.”

“எங்க தாத்தாவும் அதே கப்பல்லதான்யா வந்தாரு. வந்து சும்மா ஒக்காரல, இந்தக் காட்ட வெட்டுனாரு.”

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். “பையனுக்குப் பேச்சு நல்லா வருது. பத்தாவது மலையில ஆள் கொறையிது. ஒனக்குத் தெரியும்ல?” என்றார்.

பத்தாவது மலை தோட்டத்தின் கடைசி எல்லை. விடியுமுன் கிளம்பி நடக்க வேண்டும். சரிவில் கால் நிற்காது. வேண்டாதவர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் கோபம் மண்டோர் மேல் பாயும் என்று பார்த்தால் என் மேல் பாய்ந்தது.

“நீ ஏன்டா போயிக் கேட்ட?”

“கேக்காம எப்படிம்மா எடுக்கிறது?”

“நம்ம ஆட்டுத் தலைய எடுக்க நாம எதுக்குடா கேக்கணும்? கேட்டதுனாலதான் இல்லங்கிறான். நான் கேக்கப் போறதில்ல. எடுத்துக்கிட்டு வரப் போறேன்.”

சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டார்.

அப்பாவிடம் வேறு ஒரு கஷ்டத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. தலை மட்டும் கிடைத்தால் போதாது. வெட்டு கழுத்தின் அடிப்பக்கத்தில் விழ வேண்டும். கிடாவைக் கட்டியிருந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய் தோளுக்கு மேலே கழுத்தில் கை வைத்துக் காட்டினேன். “இந்த எடத்துலப்பா.”

“அங்கயா?” அப்பா கழுத்தை அமுக்கிப் பார்த்தார். “காதுக்குப் பின்னால எலும்புப் பூட்டு இருக்கு. அதுல போட்டா தானா எறங்கும். இங்க சதையும் தடிப்பு, எலும்பும் தடிப்பு. கத்தி நின்னுரும்.”

“நின்னா?”

“நின்னா ரெண்டாவது வெட்டு. உங்க அம்மா நேந்துக்கிட்டது போச்சு. நீ படிச்சு வந்ததையும் சேத்துப் பேசுவாங்க.”

கிடா என் சட்டைப் பையை மோந்தது. அதில் கோஸ் இலை இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் குழாயடிக் கல்லில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டத் தேவையே இல்லாத அரிவாள். நான் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினேன். திடீரென்று கேட்டார்.

“வெட்டுனப்புறம் காதப் புடிச்சுத் தூக்கறேன்ல, அப்ப அது கண்ணத் தொறந்து என்னையே பாக்குது. எல்லாம் இல்ல, சிலது. அதுக்கு அப்ப தெரியுமா?”

எத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வெட்டியிருப்பார்! யாரிடம் கேட்பார்? கேட்டால் வெட்டுகிறவனுக்குக் கை நடுங்குகிறது என்பார்கள்.

“எனக்குத் தெரியலப்பா. ஆனா பாத்தா சொல்ல முடியும்னு நெனைக்கிறேன்” என்றேன்.

அப்பா கட்டை விரலால் அரிவாளின் கூரைத் தடவினார். “சரி, பாத்துச் சொல்லு” என்றார். கழுத்துக்கும் சேர்த்துத்தான் சரி சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. கோயில் மரத்துக்குப் பின்னால் தேயிலை தெரியவில்லை. முதல் கிடா முடிந்து எங்கள் கிடாவைக் கொண்டுவந்தார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள். கிடா உடம்பைக் குலுக்கினால் அதுதான் சாமி உத்தரவு. எங்கள் கிடா மாலையைத் தின்னத் தொடங்கியது.

“பாத்தீங்களா, சாமி யோசிக்கிது” என்றார் மண்டோர் எல்லோருக்கும் கேட்கும்படி. “கேக்கக் கூடாதத கேட்டா அப்படித்தான்.”

அம்மா செம்பை வாங்கித் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றினார். “குலுக்கு ராசா” என்றார். கிடா காதிலிருந்து வால் வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கியது.

“இந்தக் குளிர்ல தண்ணி ஊத்துனா நானே குலுக்குவேன்லா!” என்றாள் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருத்தி. கூட்டம் சிரித்தது.

அப்பா வந்து நின்றார். வழக்கமாகக் காதுக்கு நேராக நிற்பவர், ஒரு அடி பின்னால் வைத்துத் தோளுக்கு நேராக நின்றார். கயிறு பிடித்தவர் அதைக் கவனித்துவிட்டார்.

“என்னாண்ணே, கழுத்தையும் சேத்துக் குடுக்கப் போறியா? மண்டோரய்யாவுக்கு இன்னிக்கு சூப்பு ரெண்டு சட்டிலா!”

மண்டோர் முகத்தில் சிரிப்பு வந்தது. மகன் பேசிய பேச்சுக்கு அப்பன் கழுத்தையும் சேர்த்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். அவர் மருமகன் தட்டை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அப்பா மூச்சை இழுத்து நிறுத்தினார். அரிவாள் விழுந்த சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. ஈரக் கட்டையில் விழுந்த மாதிரி கனத்துக் கேட்டது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தேன். தலை தனியாகக் கிடந்தது, நீளக் கழுத்தோடு.

அப்பா காதைப் பிடித்துத் தூக்கித் திரும்பினார். ஒரு பக்கம் மருமகனின் தட்டு. இன்னொரு பக்கம் அம்மா, கையில் வீட்டு மங்கு பேசின். இரண்டுக்கும் நடுவில் அப்பா நின்றார். தலையிலிருந்து ரத்தம் அவர் கால் விரல்களில் சொட்டியது. பிறந்ததிலிருந்து அவர் மண்டோர் வீட்டாரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. பேசினில் வைத்தார்.

“ஏய்! என்னா பண்ற?” என்றார் மண்டோர்.

“ஆட்டுக்காரங்க கேக்குறாங்கய்யா. குடுத்துட்டேன்.”

“கோயில் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அம்மாதான் பதில் சொன்னார். “லோரிக்குப் பின்னால ஓடி எல பொறுக்கிப் போட்டது நானு. அப்ப வந்தாங்களா உங்க வீட்டுலேருந்து? சாமிக்கு உசுரக் குடுத்தாச்சு. தல எங்க வீட்டுக்குப் போவுது.”

பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்தார். கூட்டம் வழிவிட்டது. “ஆட்டுத் தலைக்கு இம்புட்டு ரோசமா!” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஆமாம், இம்புட்டு ரோசம்தான். எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ரத்தம் கட்டுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். அம்மா வேகமாக நடக்கவில்லை. நானும் அவர் நடைக்கே நடந்தேன்.

வீட்டில் வெந்நீரில் உப்புக் கரைத்துத் தமனிகளைக் கழுவினேன். கழுத்தெலும்பின் துளைகளில் இன்னும் இரண்டு தமனிகள் ஓடுகின்றன. அவற்றின் வழியாகப் பால் கசிந்துவிடாமல் மெழுகால் அடைத்தேன். குழாயைக் கட்டிச் சிவப்புப் பாலை மெதுவாக ஏற்றினேன். ஆட்டின் உதட்டின் உட்புறம் சிவந்து வந்தது. “அய்யோ, உசுரு வருதுடா!” என்று அம்மா ஓரடி பின்னால் போனார். பிறகு தானே சிரித்துக்கொண்டு மறுபடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டார். கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த, அழுகாமல் காக்கும் பதமருந்தை ஒரு பிஸ்கட் டின்னில் ஊற்றித் தலையை ஊறப் போட்டேன்.

மறுநாள் பெரட்டில் அப்பாவுக்குப் பத்தாவது மலை என்று சொன்னார்கள். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போனார். கோயில் கூட்டத்தில் எங்களுக்கு இனி விபூதி கிடையாது என்று பேசினார்களாம். “முனியாண்டி மண்டோர் வீட்டு மருமகனா, அவன் சொல்ற ஆளுக்கு மட்டும் பாக்கிறதுக்கு?” என்றார் அம்மா.

பால் நன்றாக உறைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மண்டையோட்டைத் திறந்தேன். அப்பாதான் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். ரம்பம் எங்களுடையது, பலகை எங்களுடையது. மூளையை எடுத்துவிட்டு, அடியில் இருந்த கெட்டியான சவ்வை நுனிக் கத்தியால் கீறி விலக்கினேன்.

இருந்தது. புத்தகத்தில் கறுப்புக் கோடுகளாகப் பார்த்தது அங்கே சிவப்பாகச் சுருண்டு கிடந்தது. கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் எண்ண முடியாத நூல்கள்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். “தேயிலக் கன்ன நர்சரிப் பையிலேருந்து உருவுனா வேரு இப்படித்தான் சுத்திக் கெடக்கும்” என்றார். பிறகு கேட்டார், “நான் கேட்டது?”

என்னால் முடிந்தவரை நேராகச் சொன்னேன். “தலைக்கு நாலு வழியா ரத்தம் வருதுப்பா. முன்னால ரெண்டு, கழுத்தெலும்புக்குள்ள ரெண்டு. மாட்டுக்குத் தொண்டைய மட்டும் அறுத்தா, எலும்புக்குள்ள ஓடுறது இன்னும் மேல போயிட்டுத்தான் இருக்கும். நெனவு அடங்க நேரமாகும். நீங்க பின்னாலேருந்து போடுறது நாலையும் ஒரேயடியா அறுத்துருது. அதுக்கப்புறம் மேல எதுவும் போவல. சீக்கிரம் அணஞ்சிரும்.”

“ஒடனேயா?”

உடனே என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை படுக்காமல் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் அத்தனை பேர் முன்னால் எடுத்துவந்த தலைக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒடனே இல்லப்பா. கொஞ்ச நேரம் இருக்கலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது.”

“கொஞ்ச நேரம் தெரியும்” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிடித்திருந்த கையை அவர் எடுக்கவில்லை. “சரி, நீ வேலயப் பாரு.”

அந்த வலையைக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகில் குனிந்து பார்த்தார். பின்வரிசைக்காரர்களும் வந்து பார்த்தார்கள். இப்போது அது கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. மேலே ஆடு என்று ஒட்டியிருக்கிறார்கள். யாருடைய ஆடு என்று அந்தச் சீட்டில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த வருஷத் திருவிழா நெருங்கியபோது நானும் வீட்டில் இருந்தேன். கோலா தெர்லா பக்கத்திலிருந்து அப்பாவுக்குப் பதிலாக யாரையோ வெட்டுக்குக் கூட்டிவரக் கோயில்காரர்கள் பார்த்தார்களாம். ஆனால் கிடா நேர்ந்திருந்த இரண்டு குடும்பங்கள், தெரியாத கையில் எங்கள் கிடாவைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டன. ஒரு நாள் மண்டோரின் மருமகன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“மாமா வரச் சொன்னாரு. அருவா கோயில்லயே இருக்கு.”

அப்பா பத்தாவது மலையிலிருந்து வந்து அப்போதுதான் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“அவங்கவங்க ஆட்டுத் தல அவங்கவங்க வீட்டுக்குன்னா வர்றேன்.”

“அது எப்படி மாமாகிட்டப் போயிச் சொல்றது?”

“வாயாலதான். இல்லன்னா அருவா அங்கதான இருக்கு? மாமாவையே வெட்டச் சொல்லுலா.”

உள்ளே அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

திருவிழா அன்று அப்பா போனார். தட்டு வரவில்லை. கிடா நேர்ந்த வீடுகளில் அவரவர் பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். மண்டோர் மரத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவைப் பத்தாவது மலையிலிருந்து அவர் மாற்றவில்லை.

ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அப்பா தலையை உடனே தூக்கவில்லை. குனிந்து உள்ளங்கையால் அதன் கண்களைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

“என்னாண்ணே இது, புது வழக்கம்?” என்றார் கயிறு பிடித்தவர்.

“அதுக்குக் கொஞ்ச நேரம் தெரியுமாம்லா. எதுக்கு நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டே போவணும்?”

வெட்டுகிறவன் அப்படித் தொடக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா கையை எடுக்கவில்லை. தனக்குப் போதும் என்று தோன்றியபோது எடுத்து, தலையைத் தூக்கி ஆட்டுக்காரர்களின் பாத்திரத்தில் வைத்தார்.

மறுநாள் காலை தலை வாட்டுகிற வாசம் எங்கள் லயத்தின் இரண்டு வீடுகளிலிருந்து வந்தது. மண்டோர் வீட்டுக் கொல்லையில் புகை இல்லை.